ஹீட்டர் பழுதுபார்த்த பட்டறையில் ஹஃபீஸா பானு இறந்தது குறித்து

பெயர்: மெஹ்ராஜுதீன் இட்டூ. தகப்பனார் பெயர்: காலஞ்சென்ற அப்துல் சமத் இட்டூ. வயது: 39. தொழில்: தனியார் ஆப்பிள் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வை. முகவரி: ஜவூரா கிராமம், ஷோபியான் மாவட்டம்.

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன். இறந்துபோன ஹஃபீஸா பானு என் மனைவி. எங்களுக்குத் திருமணமாகிப் பதினொரு வருடங்கள் ஆகின்றன. குழந்தைகள் இல்லை. கடந்த வியாழக்கிழமை பகலில், பாம்பூர் போகும் சாலையில் உள்ள குல்ஸார் பர்ரே என்பவரின் கார் பட்டறை முற்றத்தில், எங்கள் காருக்குள் அவள் இறந்தாள். இது தொடர்பாக அவளுடைய அண்ணன் ஃபயாஸ் அகமது மாக்ரே கொடுத்த புகாரின் பேரில் மேற்படி குல்ஸார் பர்ரே காவலில் வைக்கப்பட்டிருக்கிறார். சரியாகப் பிடிக்காத கரியைத் தெரிந்தே அவர், குளிர்காய மடியில் வைத்துக்கொள்ளும் காங்ரிச் சட்டியில் போட்டுக் கொடுத்தார், ஆபத்தை எடுத்துச் சொல்லவில்லை என்பது புகார். அது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அன்று அங்கே இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். அதில் இப்போது மிஞ்சியிருப்பது நானும் அவரும்தான். ஆகவே என்னை விசாரிக்கிறார்கள் என்பதை அறிந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

எங்கள் கார் பழையது. இலையுதிர் காலத்தில், ஆப்பிள் சீசன் முடிந்த கையோடு வாங்கினேன். வாங்கும்போது வெயில் இருந்ததால் ஹீட்டரைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. என் மனைவிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. பேருந்தில் போய்வந்தால் இரண்டு நாட்கள் விரல் மடங்காமல் கிடப்பாள். கார் வந்துவிட்டால் இனி அந்தக் கஷ்டம் இல்லை என்று அவளிடம் சொல்லித்தான் வாங்கினேன். சில்லை கலான் என்னும் நாற்பது நாள் கடுங்குளிர் தொடங்கிய பிறகுதான் ஹீட்டரில் வெறும் குளிர்காற்று வருவது தெரிந்தது. எங்கள் ஊர் மெக்கானிக் விசிறி மோட்டாரை மாற்றினார். அதன் பிறகு காற்று முன்பைவிட வேகமாக வந்தது, ஆனால் குளிராகவே வந்தது. கிடங்கில் வேலை அதிகம் இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.

ஃபயாஸுக்கு வெகு காலத்திற்குப் பிறகு ஆண் குழந்தை பிறந்திருந்தது. தாயையும் பிள்ளையையும் ஏழாம் நாள் குளிப்பாட்டும் சடங்கு வியாழக்கிழமை பட்டன் என்ற ஊரில் அவர் வீட்டில் நடக்க இருந்தது. அத்தை என்ற முறையில் என் மனைவி போயாக வேண்டும். அவள் கம்பளி நூலில் ஒரு தொப்பியும் காலுறையும் பின்னி வைத்திருந்தாள். காலையில் உப்பு டீயும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். அவள் ஃபிரன் என்ற கம்பளி அங்கிக்குள் காங்ரியை வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். காரில் அது வேண்டாமே, தணல் கொட்டினால் சீட் வெந்துபோகும் என்று சொன்னேன். அதற்கு அவள், "உங்க ஹீட்டரை நம்பி நான் வரலைங்க. இதை நம்பித்தான் வர்றேன்" என்று சொன்னாள்.

புல்வாமா வரை கார் நன்றாக ஓடியது. இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் நின்றது. ஹீட்டரில் மட்டும் குளிர்காற்று வந்ததால் அதை நிறுத்தினேன். நிறுத்தியதும் எங்கள் மூச்சுக்காற்று முன்கண்ணாடியில் படிந்து பனியாக உறைந்தது. அதன் பிறகு நான் ஓட்டிக்கொண்டிருக்க, அவள் ஒரு பழைய கார்டால் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். புல்வாமாவைத் தாண்டியதும் காங்ரித் தணல் நீறாகிவிட்டது என்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது. அப்போது ஃபயாஸ் போனில் கூப்பிட்டார். என் மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டாள். அவர், "மச்சான், காருன்னு சொல்லி ஐஸ்பெட்டியை வாங்கிட்டியாமே? என் தங்கச்சியை விறைக்க வச்சுக் கொண்டுவராதே. வழியில எங்கயாவது பார்த்துட்டு வா, நாங்க காத்திருக்கோம்" என்று சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார். இதை அவருக்கு எதிராகச் சொல்லவில்லை. நான் பட்டறையில் நிறுத்தியதற்குக் காரணம் கேட்கப்பட்டதால் சொல்கிறேன்.

அதன் பிறகு சாலையோரம் குல்ஸார் பர்ரேயின் பட்டறையைப் பார்த்து, பதினோரு மணி வாக்கில் காரை முற்றத்தில் விட்டேன். அவரை அதற்கு முன் எனக்குத் தெரியாது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அன்று வேறு வேலை இல்லாமல் தனியாக இருந்தார். ஹீட்டர் விஷயத்தையும் ஃபயாஸ் போனில் கேலி செய்ததையும் நான் சொன்னதும் இஞ்சினை அணைக்க வேண்டாம், ஹீட்டரை முழுதாகத் திறந்து வையுங்கள் என்று சொல்லி முன்மூடியைத் தூக்கினார். காருக்குள்ளே வந்து காற்றில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து, இஞ்சினிலிருந்து நடுத்தகட்டைத் துளைத்துக்கொண்டு ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் இரண்டு கைகளால் பிடித்துப் பார்த்தார். என்னையும் பிடிக்கச் சொன்னார். ஒன்று கை வைக்க முடியாமல் சுட்டது. மற்றது பச்சைத் தண்ணீரில் கிடந்த மாதிரி சில்லென்று இருந்தது. "பார்த்தியா தம்பி, வெந்நீர் உள்ள போகுது, ஆனா திரும்பி வரலை. நடுவுல வழி அடைச்சிருக்கு. விசிறியை மாத்தினவன் அடுப்பே எரியாத வீட்டுல ஊதுகுழலை மாத்திட்டுப் போயிருக்கான்" என்று சொன்னார்.

இஞ்சினை அணைத்துவிட்டு, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். குழாய்களைக் கழற்றி வெந்நீரை எதிர்ப்பக்கமாகப் பாய்ச்சி அடைப்பை எடுக்க வேண்டும், காற்றை வெளியேற்ற வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார். நான் யோசித்தேன். பாம்பூர் போய் ஒரு டீக்கடையில் மனைவியை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கலாம். பட்டறை ஒரே அறைதான். இஞ்சின் ஒன்றைப் பிரித்துத் தரை முழுக்க எண்ணெயாகப் பரப்பி வைத்திருந்தார். அவள் சடங்குக்காக நல்ல ஃபிரன் போட்டிருந்ததால் காரிலேயே இருப்பதாகச் சொன்னாள். அவர், "தங்கச்சி, உள்ளயே இரு. போகும்போது கோடைகாலத்துல போற மாதிரி போவ" என்று சொன்னார்.

அதன் பிறகு வெந்நீர் வைப்பதற்காக அவர் அறைக்குள்ளிருந்த தகர அடுப்பில் புதிதாகக் கரியைக் கொட்டி, விசிறிவிட்டு, பெரிய டின்னில் தண்ணீரை ஏற்றினார். முற்றத்துக் குழாய் உறைந்திருந்ததால் டிரம்மில் ஐஸை உடைத்துத்தான் தண்ணீர் எடுத்தார். நான் என் மனைவியின் காங்ரியை வாங்கிக்கொண்டு போய், சாம்பலைக் கொட்டிவிட்டு, கொஞ்சம் தணல் கொடுக்கும்படி அவரிடம் கேட்டேன். கேட்டது நான். அவராகக் கொடுக்க வரவில்லை. அவர் அடுப்பைப் பார்த்துவிட்டு, பழைய தணல் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது, மேலே இருப்பது இப்போது போட்டது என்று சொன்னார். பரவாயில்லை, நிரப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். கரண்டியால் அள்ளிப் போட்டார். கரிக்கு மேலே நீல நிறத்தில் சுடர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என் பின்னாலேயே கார் வரை வந்து, "இதை உடனே உள்ள வைக்காதே தம்பி. கூரைக்குக் கீழ கொஞ்ச நேரம் வை. நீலம் அடங்கி, மேல வெள்ளைச் சாம்பல் படியட்டும். அப்புறம் குடு" என்று சொன்னார். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒவ்வொரு வீட்டிலும் காலையில் காங்ரியை நிரப்பி வாசலில் வைத்துப் புகை போன பிறகுதான் உள்ளே எடுப்பார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. கதவைத் திறந்து மனைவியின் மடியில் வைத்துவிட்டேன். அவர் அதற்குள் குழாயின் கிளிப்பைக் கழற்ற முன்பக்கம் போய்விட்டார். நான் வைத்ததை அவர் பார்க்கவில்லை.

அப்போது அவள் பக்கத்துக் கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. அதன் வழியாக எங்கள் பேச்சில் அவளும் கலந்துகொண்டாள். குல்ஸார் இரண்டு குழாய்களையும் கழற்றி, திரும்பி வரும் குழாயின் பக்கமாகக் கைப்பம்பில் வெந்நீரைச் செலுத்தினார். முதலில் எதுவும் வரவில்லை. பிறகு சொட்டு சொட்டாக வந்து, திடீரென்று கட்டி கட்டியாக மஞ்சள் சேறு வந்து பக்கெட்டில் விழுந்தது. அவர் அதை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார். ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தபோது முன்பு வைத்திருந்தவர் யாரோ மஞ்சள் தூளைக் கொட்டியிருக்கிறார்கள் என்று சொன்னார். மலைச்சாலையில் ஓட்டுகிறவர்கள் அப்படிச் செய்வது உண்டு. ஓட்டை அடைபடும், கூடவே ஹீட்டரும் அடைபடும். "இது காரா, கறி சமைச்ச பானையா?" என்று கேட்டு அவர் சிரித்தார். உள்ளேயிருந்து என் மனைவி, "உப்புப் போட்டானான்னு கேளுங்க உஸ்தாத்" என்று சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அவள் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

அதன் பிறகு காற்றோடு ஈரப்பனி விழ ஆரம்பித்தது. கண்ணாடி இடைவெளி வழியாக அது அவள் தோளில் விழுந்தது. நான் போய்க் கதவைத் திறந்து, கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை முழுதாக ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அவள் ஏற்றச் சொல்லவில்லை. சால்வையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். குல்ஸார் அந்த நேரம் அடுத்த டின் வெந்நீர் எடுக்க அறைக்குள் போயிருந்தார். கண்ணாடியை ஏற்றியதும் அவருக்குத் தெரியாது.

காரின் முன்மூடி தூக்கியிருந்ததால் நாங்கள் வேலை செய்த இடத்திலிருந்து உள்ளே உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க முடியாது. பக்கக் கண்ணாடிகளும் உள்ளே ஆவி படிந்து வெளுத்திருந்தன. மஞ்சள் நின்று தெளிந்த நீர் வரும்வரை பல முறை தண்ணீர் விட வேண்டியிருந்தது. நான் டின்னைத் தூக்கிக் கொடுத்தேன், பக்கெட்டைக் கொட்டினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. குளிர் ஆரம்பித்ததிலிருந்து இந்த ஹீட்டரைப் பற்றி வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். காரணம் கண்ணெதிரே பக்கெட்டில் விழுவதைப் பார்க்கத் திருப்தியாக இருந்தது. இடையில் ஒரு முறையாவது கதவைத் திறந்து பார்த்தாயா என்று கேட்கப்பட்டது. இல்லை. குளிர் உள்ளே போய்விடும் என்று திறக்கவில்லை.

அதன் பிறகு குழாய்களை மாட்டி, உறையாத பச்சைத் திரவத்தை ஊற்றினார். உள்ளே தங்கிய காற்று மேலே வர வேண்டும் என்று முன்சக்கரங்களுக்குக் கீழே ஜாக்கி கொடுத்துப் பலகை வைத்தார். அதற்கு மனைவியை இறங்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அது ஒரு பூ கனம் இருக்கும், இருக்கட்டும் விடு" என்று சொன்னார். பலகை வைத்தபோது கார் ஆடியது. உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. தூங்கிவிட்டாள் போல என்று நான்தான் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார்.

ஓட்டுநர் பக்கக் கதவை நான் திறந்தேன். அவள் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. சால்வை நழுவியிருந்தது. முகம் நன்றாகச் சிவந்திருந்தது, உதடும் சிவந்திருந்தது. காலையிலிருந்து வெளுத்திருந்தவளுக்குக் குளிர் விட்டு நிறம் வந்துவிட்டது என்று நினைத்தேன். சாவியைத் திருப்பி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவைத்தேன். வாடை ஏதாவது அடித்ததா என்று கேட்கப்பட்டது. காங்ரி வாடை அடித்தது. அது எங்கள் துணியிலும் வீட்டிலும் எப்போதும் இருப்பதுதான். அவளை எழுப்பக் கூடாது என்று கதவை ஓசையில்லாமல் சாத்தினேன்.

அதன் பிறகு இஞ்சின் ஓட, ரேடியேட்டர் வாயில் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது. அவர் கையால் ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுத்து இழுத்து விட்டார். குளிர்ந்திருந்த குழாய் வெதுவெதுப்பாகி, பிறகு சுட்டது. இரண்டையும் என்னைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். இரண்டும் ஒரே சூடாக இருந்தன. அவர் முன்மூடியை இறக்கிவிட்டு, "போ, உன் வீட்டுக்காரிக்குச் சொல்லு. இனி அண்ணன்கிட்ட வசவு வாங்க வேண்டாம்" என்று சொன்னார். நான் கதவைத் திறந்ததும் வெப்பக்காற்று முகத்தில் அடித்தது. "ஹஃபீஸா, கையை வச்சுப் பாரு" என்று சொன்னேன். பதில் இல்லாததால் அவள் கையைப் பிடித்துக் காற்று வரும் இடத்தில் நானே வைத்தேன். கை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. விட்டதும் விழுந்தது.

அதன் பிறகு நான் கத்தியதாகக் குல்ஸார் சொல்கிறார். எனக்கு நினைவில்லை. அவர்தான் அவளை வெளியே இழுத்துப் பனியில் கிடத்தி, வாயோடு வாய் வைத்து ஊதச் சொல்லி எனக்குக் காட்டினார். காங்ரியை எடுத்து முற்றத்தில் வீசினார். பிறகு அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்து அவரே காரை ஓட்டினார். நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஓட்டினார். அருகிலிருந்த மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டு, கரியின் நச்சுக்காற்றை மூச்சில் எடுத்ததால் வரும் முன்பே உயிர் போய்விட்டது என்று சொன்னார்கள். சிவந்த முகமே அதற்கு அடையாளம் என்று டாக்டர் சொன்னார். நான் சாவியைத் திருப்பப் போனபோது அவளுக்கு உயிர் இருந்ததா என்று கேட்டேன். அதைச் சொல்ல வழியில்லை என்றார். அன்று மாலையிலும் மறுநாளும் அதையே கேட்டேன். அதே பதிலைச் சொன்னார்.

உங்கள் வேலை என்ன, கரிக்காற்றின் ஆபத்து தெரியாதா என்று கேட்கப்பட்டது. தெரியும். நான் வேலை பார்க்கும் கிடங்கில் ஆப்பிள் கெடாமல் இருக்க அறையின் காற்றை மாற்றிப் பூட்டிவைப்போம். அந்தக் காற்றில் மனிதன் இரண்டு நிமிடம் தாங்க மாட்டான். கதவைத் திறந்ததும் யாரும் நுழையக் கூடாது என்று ஒவ்வொரு கதவிலும் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்தது. அன்று மாலை ஃபயாஸ் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். அவர் வீட்டில் சடங்கு நின்றுபோய்விட்டது. பிள்ளையின் தொப்பி இருந்த பையை அவர் மனைவி அழுதுகொண்டே உள்ளே எடுத்துப் போனார். ஃபயாஸ் என்னிடம், "நீ எதையும் விவரமா சொல்ல வேணாம் மச்சான். கரி குடுத்தான், ஒண்ணும் சொல்லலைன்னு மட்டும் சொல்லு. அவன் உள்ள போகட்டும். இல்லன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது, உன்னையா?" என்று சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் என்னை மிரட்டவில்லை. அவர் மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம்.

இன்று நிலையத்திற்கு வந்தபோது தாழ்வாரத்தில் குல்ஸார் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.  நான் அவரைக் கடந்து உள்ளே வந்தேன்.

குல்ஸார் எச்சரித்தார் என்று நான் சொல்வதைப் புகார்தாரர் ஒப்புக்கொள்ளவில்லை என்றும், குல்ஸாரைக் காப்பாற்ற நான் அப்படிச் சொல்வதாக அவர் கருதுகிறார் என்றும் எனக்குத் தெரிவிக்கப்பட்டது. குல்ஸார் எச்சரித்ததை வேறு யாராவது கேட்டார்களா என்று கேட்கப்பட்டது.

கேட்டார்கள். என் மனைவி கேட்டாள். காங்ரியோடு நான் கதவருகே நின்றபோதுதான் அவர் அதைச் சொன்னார். கண்ணாடி இறங்கியிருந்ததால் அவளுக்கு நன்றாகக் கேட்டது. அவள் என்னிடம், "அவரு சொல்றபடி செய்யுங்களேன். கூரைக்குக் கீழ வைங்க. இவ்வளவு நேரம் தாங்கினேன், இன்னும் கொஞ்ச நேரம் தாங்க மாட்டேனா?" என்று சொன்னாள். பல் தந்தியடிக்கத்தான் சொன்னாள். நான், "உன் அண்ணன் முன்னாடி விறைச்சுப் போய் நின்னு என் மானத்தை வாங்காதே, பிடி" என்று சொல்லி மடியில் வைத்தேன். அவள் ஃபிரனைத் தூக்கி அதை வாங்கிக்கொண்டாள். மேலே நடந்ததை வரிசையாகச் சொன்னபோது இந்தப் பேச்சை நான் விட்டுவிட்டேன். இப்போது சேர்த்து எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன். குல்ஸார் பர்ரேயைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு குறையும் இல்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். கடைசியில் சேர்த்த பகுதியை இரண்டாம் முறையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எழுதியிருப்பது அத்தனையும் நடந்தது. நடக்காதது எதுவும் இதில் இல்லை.

(ஒப்பம்) மெஹ்ராஜுதீன் இட்டூ

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது
(ஒப்பம்) உதவி ஆய்வாளர்